எம்யூஎன் கிளப்பில் யார் பெரியவர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜூன் பிறந்து பள்ளி, கல்லூரிகள் திறந்ததும் மாதிரி ஐ.நா. (எம்யூஎன்) கிளப்புகளிலிருந்து, அதாவது மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாக (டெலிகேட்) உட்கார்ந்து ஐ.நா. போல விவாதிக்கும் கிளப்புகளிலிருந்து, கேள்விகள் வரத் தொடங்கிவிடும். போன வருடப் பொறுப்பாளர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள், நோட்டுகளைக் காணோம், யாருக்கு என்ன வேலை என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பெரும்பாலும் இதுதான் கதை. ஒரு பள்ளியில் பல வருடங்களாக இந்தக் கிளப்புக்குப் பொறுப்பாசிரியராக இருப்பதால், இம்முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதிலைத் தருகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம், பாதிச் சந்தேகம் அதிலேயே தீரும். உங்களிடம் இருக்க வேண்டியது இரண்டு விதிப் புத்தகங்கள். கிளப்பை நடத்தும் விதிகள் ஒன்று: உறுப்பினர், பொறுப்பு, பணம், தேர்தல். கமிட்டி அறைக்குள் விவாதத்தை நடத்தும் விதிகள் இன்னொன்று: மோஷன் (அவையில் வைக்கும் கோரிக்கை), பேச்சு நேரம், ஓட்டு. எனக்கு வரும் சண்டைகளில் முக்கால்வாசி, ஒன்றின் விதியை மற்றதில் கொண்டுபோய்ப் பொருத்தியதால் வந்தவை.

கேள்வி: எங்கள் கல்லூரி கிளப்பில் ஒரு பிரசிடென்ட், ஒரு செக்ரட்டரி ஜெனரல். மாநாட்டு வேலை தொடங்கியதும் யார் சொல்வதை யார் கேட்பது என்று தகராறு. இருவரில் யார் பெரியவர்? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாணவர்)

ஓர் உறையில் இரண்டு கத்தி வைத்தால் இப்படித்தான். ஆனால் ஐ.நா.விலும் இந்த இருவரும் இருக்கிறார்கள், அங்கே உறை வேறு வேறு. பொதுச்சபைத் தலைவர் ஒரு வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, கூட்டத்தை நடத்துபவர். 1953இல் விஜயலட்சுமி பண்டிட் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். பொதுச்செயலாளர் நிர்வாகத்தைப் பார்ப்பவர். ஐ.நா. சாசனத்தின் 97ஆவது பிரிவு அவரைத் தலைமை நிர்வாக அலுவலர் என்றே சொல்கிறது. பாதுகாப்புச் சபை பரிந்துரைக்கும், பொதுச்சபை நியமிக்கும்.

கிளப்பிலும் வேலையைக் காலத்தால் பிரியுங்கள். பிரசிடென்ட் வருடம் முழுக்க, கிளப்புக்கு. செக்ரட்டரி ஜெனரல் அந்த ஒரு மாநாட்டுக்கு மட்டும். எங்கள் விதி நோட்டில் உள்ள வாசகத்தை அப்படியே தருகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் (எக்ஸிக்யூட்டிவ் போர்டு என்றால் கமிட்டியில் விவாதத்தை நடத்துபவர்கள்):

"மாநாட்டுக்கான செக்ரட்டரி ஜெனரலைக் கிளப்பின் நிர்வாகக் குழு நியமிக்கும். மாநாட்டின் கமிட்டிகள், தலைப்புகள், எக்ஸிக்யூட்டிவ் போர்டு ஆகியவற்றை முடிவு செய்யும் பொறுப்பு அவருடையது. பணச் செலவுக்குக் கிளப் தலைவரின் ஒப்புதல் வேண்டும். மாநாடு முடிந்து கணக்கு ஒப்படைத்த அன்று அவர் பதவி முடியும்."

கடைசி வரிதான் முக்கியம். மாநாடு முடிந்து ஆறு மாதம் ஆகியும் "எஸ்ஜி" என்று வாட்ஸ்அப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மற்ற பொறுப்புகள்? சின்ன கிளப்புக்கு நான்கு பேர் போதும். தலைவர், பயிற்சியைப் பார்க்கும் துணைத்தலைவர், மினிட்ஸ் நோட்டை வைத்திருக்கும் செயலாளர், பொருளாளர். துணைத்தலைவருக்கு வேலை எழுதித் தராவிட்டால் அது வெறும் அலங்காரப் பதவி. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பொசிஷன் பேப்பர் (தன் நாட்டின் நிலைப்பாட்டுக் குறிப்பு) எழுதக் கற்றுத் தருவது, வாரம் ஒரு மாதிரி விவாதம் நடத்துவது என்று அவர் தலையில் கட்டுங்கள். யுஎஸ்ஜி (செக்ரட்டரி ஜெனரலுக்குக் கீழே வரும் அண்டர் செக்ரட்டரி ஜெனரல்) பதவிகளை இருபது உறுப்பினர் உள்ள கிளப்பில் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுப்பது சான்றிதழுக்காக மட்டுமே நடக்கிற காரியம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பொறுப்பாசிரியரே எல்லாப் பதவிக்கும் ஆளைப் போட்டுவிடுகிறார். எப்போதும் நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குத்தான். இது சரியா சார்? (திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவி)

சரியில்லை, ஆனால் ஏன் அப்படிச் செய்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. தேர்தல் வைத்தால் வகுப்புத் தலைவர் தேர்தல் மாதிரி நண்பர் கூட்டம் ஜெயித்துவிடும் என்ற பயம். நடுவழி உண்டு. போட்டியிடத் தகுதியை எழுதி வையுங்கள்: குறைந்தது இரண்டு மாநாடுகளில் டெலிகேட், ஒரு மாதிரி விவாதத்தை நடத்திய அனுபவம். தகுதி உள்ளவர்களுக்குள் ரகசிய ஓட்டு. பொறுப்பாசிரியருக்கு ஆளைப் போடும் உரிமை வேண்டாம், விதிமீறல் இருந்தால் தேர்தலை ரத்து செய்து திரும்ப நடத்தச் சொல்லும் உரிமை இருக்கட்டும்.

ஐ.நா. பொதுச்சபையின் 92ஆவது விதி, எல்லாத் தேர்தலும் ரகசிய வாக்கெடுப்பில் நடக்க வேண்டும், முன்மொழிவே கூடாது என்கிறது. "நான் இவரை முன்மொழிகிறேன்" என்று எழுந்து நின்று சொல்வதற்கே இடமில்லை. பிள்ளைகளின் தேர்தலுக்கு இதைவிட நல்ல விதி கிடையாது. யார் யாரை முன்மொழிந்தார்கள் என்ற கோபம் வகுப்பறைக்குப் போகாது. உங்கள் ஆசிரியரிடம் இந்த விதியைக் காட்டுங்கள். மாணவி கேட்டால் கோபிக்கலாம், ஐ.நா. கேட்டால் யோசிப்பார்.

கேள்வி: டெலிகேட் ஃபீயை யார் வாங்குவது, எங்கே வைப்பது? (சேலத்திலிருந்து ஒரு பொருளாளர்)

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சூடுபட்ட பூனை நான். நாங்கள் நடத்திய முதல் மாநாட்டில் அறுபத்திரண்டு பேர் பதிவு செய்தார்கள். பணம் மூன்று மாணவர்களின் கைபேசிக்கு ஜிபேயில் வந்தது, சிலர் நேரில் ரொக்கமாகத் தந்தார்கள். ரொக்கம் ஒரு பிஸ்கட் டப்பாவில். மதியச் சாப்பாட்டுக்காரருக்குக் கொடுக்க டப்பாவைத் திறந்தால், இருக்க வேண்டியதில் மூவாயிரத்துச் சொச்சம் குறைந்தது. யாரும் எடுக்கவில்லை. ஒரு பையன் பிளக்கார்டு (நாட்டின் பெயர் அட்டை) அச்சடித்த கடைக்குக் கொடுத்திருந்தான், எழுதி வைக்கவில்லை. அது தெரிய நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் பொருளாளராக இருந்த பெண்ணை எல்லோரும் பார்த்த பார்வை இருக்கிறதே, அவள் அடுத்த வருடம் கிளப் பக்கமே வரவில்லை. தவறு அவளுடையதல்ல, விதி எழுதாத என்னுடையது.

இப்போது நாங்கள் செய்வது: எந்த மாணவரின் சொந்தக் கணக்குக்கும் பணம் வராது. பள்ளிக் கணக்குக்கு வரும், கிளப் பெயரில் தனித் தலைப்பு. ரொக்கம் வாங்கினால் எண் போட்ட ரசீது, கார்பன் நகலோடு. ஐந்நூறு ரூபாய்க்கு மேல் செலவென்றால் பொருளாளரும் தலைவரும் சேர்ந்து கையெழுத்து. மாதம் ஒரு முறை செயலாளர் மினிட்ஸ் நோட்டில் இருப்பை எழுதுவார். பொருளாளரே தன் கணக்கைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அதைச் செயலாளரிடம் கொடுத்தோம். அப்புறம், மாநாட்டு வரவுசெலவை முடிந்த பதினைந்து நாளுக்குள் கூட்டத்தில் வாசித்துவிட வேண்டும். வாசிக்கும்போது சந்தேகம் கேட்கிறவரைச் சந்தேகப் பிராணி என்று யாரும் சொல்லக் கூடாது. இதையும் விதியில் போட்டிருக்கிறோம், கொஞ்சம் சிரிப்பாக இருந்தாலும்.

கேள்வி: தீர்மானத்துக்கு ஆதரவு 15, எதிர்ப்பு 12, நடுநிலை 13. சேர் (கமிட்டியை நடத்துபவர்) "நிறைவேறியது" என்றார். நாற்பது பேரில் பதினைந்து பெரும்பான்மையா? (மதுரையிலிருந்து ஒரு டெலிகேட்)

சேர் சொன்னது சரி. ஐ.நா. பொதுச்சபையில் "வந்திருந்து வாக்களிப்போர்" என்றால் ஆம் அல்லது இல்லை என்று ஓட்டுப் போட்டவர்கள் மட்டும்தான். 86ஆவது விதி அப்படிச் சொல்கிறது. நடுநிலை வகித்தவர் வாக்களிக்காதவராகக் கருதப்படுவார். அப்போது எண்ண வேண்டியது 40 அல்ல, 27. அதில் பாதிக்கு மேல் என்றால் 14, உங்களுக்கு 15 இருக்கிறது. சாசனத்தின் 18ஆவது பிரிவில் வரும் "முக்கியமான விஷயம்" என்று அதை எடுத்திருந்தால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 18 வேண்டும், தோற்றிருக்கும்.

இங்கேதான் இரண்டு புத்தகம் குழம்பும். இதே எண்ணிக்கை உங்கள் கிளப்பின் பொதுக்கூட்டத்தில், விதியைத் திருத்தும் தீர்மானத்துக்கு வந்தது என்று வையுங்கள். உங்கள் விதியில் "வந்திருப்போரில் பெரும்பான்மை" என்று எழுதியிருந்தால் 21 வேண்டும். "வாக்களிப்போரில்" என்று எழுதியிருந்தால் 14 போதும். ஒரு சொல்தான் வித்தியாசம். விதி எழுத உட்காரும்போது இந்தச் சொல்லில் அரை மணி நேரம் செலவழித்தால் தவறில்லை.

பாதுகாப்புச் சபைக் கமிட்டியில் கணக்கு வேறு. 15இல் 9 ஓட்டு வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் யாரும் எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்கக் கூடாது. அவர்கள் நடுநிலை வகித்தால் அது வீட்டோ ஆகாது. நடைமுறை விஷயங்களுக்கு வீட்டோ கிடையவே கிடையாது. அன்மோட் (டெலிகேட்டுகள் எழுந்துபோய்த் தங்களுக்குள் கலந்து பேசும் நேரம்) கேட்கும் மோஷனுக்கெல்லாம் ரஷ்யா "வீட்டோ" என்று பிளக்கார்டைத் தூக்கினால் சேர் சிரித்துவிட்டு மேலே போகலாம்.

கேள்வி: ஓட்டு சரிசமமானால் தலைவருக்கு ஒரு ஓட்டு கூடுதலா?

கமிட்டியில் இல்லை. ஐ.நா. கமிட்டிகளில் தேர்தல் தவிர மற்றவற்றில் சமமானால் தோற்றது என்று பொருள். பொதுச்சபையிலோ 48 மணி நேரத்துக்குள் இன்னொரு கூட்டத்தில் மறு ஓட்டு, அதிலும் சமமென்றால் தோல்வி. கிளப்பின் நிர்வாகக் குழுவுக்கு மட்டும் தலைவருக்கு முடிவு ஓட்டு தரலாம். நம் அரசியலமைப்பின் 100ஆவது பிரிவு மக்களவைத் தலைவருக்குத் தருவது போல. எது வேண்டுமோ எழுதி வையுங்கள், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கேள்வி: லெட்டர்ஹெட்டிலும் சான்றிதழிலும் ஐ.நா. சின்னம் போடலாமா? (திருச்சியிலிருந்து)

வேண்டாம். 1946 டிசம்பரில் பொதுச்சபை அந்தச் சின்னத்தை ஏற்றபோதே, பொதுச்செயலாளரின் அனுமதி இல்லாமல் பயன்படுத்துவதைத் தடுக்க நாடுகள் சட்டம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. இந்தியாவில் 1950ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் (முறைகேடான பயன்பாட்டுத் தடுப்பு) சட்டத்தின் பட்டியலில் ஐ.நா.வின் பெயரும் சின்னமும் முத்திரையும் இருக்கின்றன. பணம் வாங்கி நடத்தும் மாநாட்டுப் போஸ்டரில் அதைப் போட்டு ஏன் வம்பை விலைக்கு வாங்க வேண்டும்? ஓவியம் வரையத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுச் சொந்தச் சின்னம் வரையச் சொல்லுங்கள். எங்களுடையதில் பள்ளிக்கூட வேப்பமரம் இருக்கிறது.

கேள்வி: எங்கள் தலைவர் பன்னிரண்டாம் வகுப்பு. தீபாவளிக்குப் பிறகு கிளப்புக்கு வரவே இல்லை. நீக்கலாமா?

பாவம், மார்ச்சில் பொதுத்தேர்வு. அவரை நீக்குவதைவிடப் பதவிக்காலத்தை மாற்றுங்கள். பதினொன்றாம் வகுப்பில் ஜனவரியில் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டாம் வகுப்பின் டிசம்பரில் முடியும்படி வைத்தால் இந்தச் சிக்கலே வராது. ஜனவரி முழுக்கப் பழையவரும் புதியவரும் சேர்ந்து உட்கார்ந்து நோட்டு, கடவுச்சொல், சாவி எல்லாவற்றையும் கைமாற்றட்டும். உண்மையிலேயே நீக்க வேண்டிய நிலை என்றால் எழுத்தில் காரணம், ஒரு வாரம் அவகாசம், கூட்டத்தில் அவர் தன் பக்கத்தைச் சொல்ல நேரம், பிறகு மூன்றில் இரண்டு பங்கு ரகசிய ஓட்டு. வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்குவது நீக்கம் ஆகாது.

கேள்வி: ஜிஎஸ்எல்லில் (பொதுப் பேச்சாளர் பட்டியலில்) பேச்சு நேரத்தை 60 வினாடியாகக் குறைக்க மோஷன் கொண்டுவரலாமா?

தாராளமாக. 1957 ஜனவரியில் பாதுகாப்புச் சபையில் இந்தியாவின் சார்பில் வி. கே. கிருஷ்ண மேனன் காஷ்மீர் பற்றி ஏறக்குறைய எட்டு மணி நேரம் பேசினார். உங்கள் கமிட்டியில் அப்படி ஒருவர் இருந்தால் 45 வினாடிகூட வைக்கலாம்.

கேள்வி: கமிட்டியைத் தமிழில் நடத்த ஆசை. ஐ.நா. விதிப்படி அது தவறாகுமா? (தஞ்சாவூரிலிருந்து ஒரு தமிழாசிரியை)

ஆகாது அம்மா. ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். ஆனால் பொதுச்சபையில் யாரும் வேறு மொழியில் பேசலாம், மொழிபெயர்ப்புக்கு அவர்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். 1977இல் வாஜ்பாய் இந்தியில் பேசினார். தமிழருக்கும் அந்த அவைகளுக்கும் பழக்கம் புதிதல்ல. ஐ.நா. பொருளாதார சமூகக் கவுன்சிலுக்கு 1946இல் முதல் தலைவராக இருந்தவரே ஆற்காடு ராமசாமி முதலியார்தான்.

சொற்களும் நம்மிடம் தயாராக இருக்கின்றன. முன்மொழிகிறேன், வழிமொழிகிறேன் இரண்டும் ஊர்ச் சங்கக் கூட்டத்திலேயே கேட்டவை. பாயின்ட் ஆஃப் ஆர்டருக்குச் சட்டமன்றத்தில் வழங்கும் "ஒழுங்குப் பிரச்சினை" இருக்கிறது. மோட் (சேர் ஒவ்வொருவராகப் பேசவிட்டு நடத்தும் விவாதம்), அன்மோட் இரண்டையும் மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள், பிள்ளைகள் வாயில் அதுதான் வரும்.

ஒரு விஷயம் மட்டும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ரோல் காலைத் தமிழ் அகரவரிசையில் எடுத்தால் எப்போதும் முதலில் பேர் சொல்லும் ஆப்கானிஸ்தான் பின்னால் போய்விடும். அங்கோலா, அசர்பைஜான், அமெரிக்கா, அயர்லாந்து, அர்ஜென்டினா, அல்ஜீரியா எல்லாம் தாண்டித்தான் "ஆ" வரும். எங்கள் முதல் தமிழ்க் கமிட்டியில் ஆப்கானிஸ்தான் டெலிகேட் முதல் பெயருக்கே பிளக்கார்டைத் தூக்கிவிட்டு, அங்கோலா முறைத்ததும் மெதுவாகக் கீழே இறக்கினான்.