மன அழுத்தத்தைச் சமாளிக்க விளையாட்டு வகுப்பு: கேள்வி பதில்

கேள்வி: ஓடியாடினாலே பிள்ளைகளின் மன அழுத்தம் குறைந்துவிடுமே, தனியாக என்ன சொல்லித்தர இருக்கிறது?

பதில்: மனசு லேசாகும். ஆனால் தேர்வறையில் எழுந்து ஓட முடியாதே! நெஞ்சு படபடப்பு, வியர்வை, மேல்மூச்சு எல்லாம் பயத்திலும் வரும், ஓட்டத்திலும் வரும். இரண்டிலும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அந்தப் படபடப்பை ஆபத்தில்லாமல் வரவழைத்து, அது அடங்குவதையும் பிள்ளைகளுக்குக் காட்ட மைதானத்தைவிட நல்ல இடம் இல்லை.

2 நிமிடம் ஓடவிடுங்கள். நின்றதும் 15 வினாடி நாடி பார்த்து, நான்கால் பெருக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் நடக்கட்டும். ஓடிய கையோடு மூச்சை அடக்கச் சொன்னால் திணறுவார்கள். பிறகு 4 வினாடி உள்மூச்சு, 6 வினாடி வெளிமூச்சு. மூச்சை வெளிவிடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கும், அதனால்தான் வெளிமூச்சு நீளம். 2 நிமிடம் கழித்து மறுபடி நாடி. 'சும்மா நின்றாலே இறங்குமே' என்று ஒரு பிள்ளை கட்டாயம் மடக்கும். சபாஷ் சொல்லி, அடுத்த வகுப்பில் சும்மா நிற்கவைத்து இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: மூச்சுப்பயிற்சியில் என் மகனுக்குத் தலைசுற்றுகிறது.

பதில்: ஆழமாக இழுக்கிறான் போலிருக்கிறது. கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறினால் சுற்றும். மெதுவாக விட்டால் போதும். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: தினமும் எவ்வளவு நேரம் ஓடியாட வேண்டும்?

பதில்: 5 முதல் 17 வயதுவரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்.

கேள்வி: ஒரு மாணவி வாரக்கணக்கில் ஒதுங்கியே இருக்கிறாள். கையில் கீறல்கள் தெரிகின்றன.

பதில்: இதற்கு மூச்சுப்பயிற்சி பதில் அல்ல. இன்றே தனியாகப் பேசுங்கள், திட்டாதீர்கள். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பள்ளி ஆலோசகரிடமோ மனநல மருத்துவரிடமோ உடனே சேர்ப்பியுங்கள்.

கேள்வி: தாமதமாக வருபவர்களை 4 சுற்று ஓடவிடுகிறேன். ஒழுக்கமும் ஆச்சு, பயிற்சியும் ஆச்சு.

பதில்: வேண்டவே வேண்டாம். எதை மருந்தாகக் கொடுக்க நினைக்கிறோமோ அதையே பிரம்பாக்கக் கூடாது.

கேள்வி: எங்களையும் அப்படித்தான் ஓடவிட்டார்கள். கெட்டா போய்விட்டோம்?

பதில்: நீங்கள் விளையாட்டில் தங்கிவிட்டவர், ஐயா. அன்றோடு மைதானத்தை வெறுத்துப் போனவர்கள் இங்கே கேள்வி கேட்க வரமாட்டார்கள்.

கேள்வி: அப்படியே போட்டியையும் எடுத்துவிடலாமே! தோற்கப் பழகாத பிள்ளை எதைத் தாங்கும்?

பதில்: போட்டியை எடுக்கச் சொன்னது யார்? நன்றாக நடத்துங்கள். சுற்றிலும் கூச்சல் போடவிட்டு பெனால்டி அடிக்கச் சொல்லுங்கள். பதற்றத்தோடு வேலை செய்யப் பழக அருமையான வழி. தவறினால் இன்னொரு வாய்ப்பும் கொடுங்கள். நான் எதிர்ப்பது, இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆளெடுத்து, கடைசியில் ஒரு பிள்ளையை எல்லோர் முன்னிலும் மிச்சம் வைப்பதை. அதில் தோல்வியைத் தாங்கக் கற்பதற்கு ஒன்றுமில்லை, அவமானம்தான். சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள்.

கேள்வி: தேர்வு மாதத்தில் விளையாட்டு வகுப்பை நிறுத்தலாமா?

பதில்: அந்த மாதம்தான் அது மிகவும் தேவை.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: ஓட்டம் வேண்டாம் என்றால் தண்டால் எடுக்கச் சொல்லலாமா?

பதில்: தண்டனையாகவா? அதுவும் வேண்டாம்.