பிளாக்கை அளக்காமல் பிஸ்டன் வாங்காதீர்கள்

கேள்வி: மார்த்தாண்டத்தில் பழைய மாருதி எஸ்டீம் கார் வைத்திருக்கிறேன். அதன் 1.3 லிட்டர் என்ஜினை ஆட்டோகிராஸ் (மண்தடத்தில் நேரம் பார்த்து ஓட்டும் கார் பந்தயம்) போட்டிக்காகப் பவர் கூட்டிக் கட்ட ஆசை. ஃபோர்ஜ்டு பிஸ்டன் (வார்க்காமல் அழுத்தி அடித்துச் செய்தது), கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), பேரிங் எல்லாம் வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பார்சலில்தான் வர வேண்டும். எதை முதலில் ஆர்டர் செய்வது?

பதில்: இப்போதைக்கு எதையும் ஆர்டர் செய்யாதீர்கள். என்ஜினை இறக்கிப் பிரித்து, போர் கேஜ் (சிலிண்டரின் உள்விட்டம் அளக்கும் கருவி) உள்ள பட்டறையில் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் உள்ள என்ஜின் உடலை, அளந்து எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். இந்த என்ஜினின் ஸ்டாண்டர்டு போர், அதாவது சிலிண்டர் உள்விட்டம், 74 மி.மீ. நாலில் ஒரு சிலிண்டருக்கு 0.50 மி.மீ. ஓவர்சைஸ் (ஸ்டாண்டர்டைவிடப் பெரிய அளவு) தேவைப்பட்டால், சலுகை விலையில் வாங்கி வைத்த 0.25 செட் வீண்.

அளவு தெரிந்ததும் பிஸ்டனை வாங்குங்கள். ஆனால் அது கைக்கு வரும்வரை போரிங் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்யவே கூடாது. லேத்காரர் அவசரப்படுத்தினாலும் காத்திருங்கள். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும். சாதாரண வார்ப்பு பிஸ்டனுக்கு சிலிண்டர் சுவரோடு 0.03 மி.மீ. அளவில் இடைவெளி போதும் என்றால், இதற்கு அது பெரும்பாலும் 0.05-ஐத் தாண்டும். சரியான எண் பிஸ்டனோடு வரும் தாளில் இருக்கும். வந்த பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ப பிளாக்கை போர் செய்து ஹோனிங் (உட்சுவரைக் கல்லால் தேய்த்து நேர்த்தியாக்குவது) முடிப்பதுதான் முறை. இறுக்கமாகிவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

'10.5 கம்ப்ரஷன் பிஸ்டன்' (கலவையைப் பத்தரையில் ஒரு பங்காக அழுத்துவது) என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். விற்பவர் ஏதோ ஒரு ஹெட்டையும் (சிலிண்டர்களின் மேல்மூடி) அதன் அடியில் வரும் கேஸ்கட் தடிமனையும் மனதில் வைத்துச் சொல்லும் எண் அது. 74.5 மி.மீ. போருக்கு ஒரு சிலிண்டர் சுமார் 329 சிசி. 10.5 கிடைக்க, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் மொத்தம் 34.6 சிசி இருக்க வேண்டும். உங்கள் ஹெட்டின் கொள்ளளவை அளந்து சொல்லி, விற்பவரிடம் கணக்குக் கேளுங்கள். பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல்தான் போடுவீர்கள் என்றால், அதையும் சொல்லிவிடுங்கள்.

கேம்ஷாஃப்டையும் வால்வு ஸ்பிரிங்கையும் ஒரே இடத்தில் சேர்த்து வாங்குவது நல்லது. பேரிங் கடைசியில்தான், கிராங்க் தண்டைத் தேய்த்து அளவாக்கும் கிரைண்டிங் முடிந்த பிறகு.

வெளிநாட்டுப் பார்சல் என்றால் சுங்கவரி, ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.), கூரியர் கட்டணம் எல்லாம் சேர்ந்த தொகையை முன்கூட்டியே கேளுங்கள். பில்லில் விலையைக் குறைத்துப் போட்டு அனுப்பச் சொல்லாதீர்கள், பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, பார்ட் நம்பரைச் சரிபாருங்கள். பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியை ஒருமுறை அரம் போட்டுச் சரிசெய்துவிட்டால், யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, கடற்காற்றும் உண்டு. ஹோனிங் முடித்த சிலிண்டரை வெறுமனே விட்டால் சீக்கிரமே துரு ஏறும். கையோடு ஆயில் பூசி, பாலித்தீனில் சுற்றி வையுங்கள். பாகங்கள் வந்த எண்ணெய்த்தாளையும் பொருத்தும் நாள்வரை பிரிக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று: வண்டியின் பதிவு விவரத்துக்கு மாறாக மாற்றம் செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. போட்டிக்கென்று கட்டும் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.