கேள்வி – பதில்: பெரிய வீட்டைச் சூடாக்க எத்தனை கிலோவாட் பாய்லர்?

கேள்வி: போலந்தில் கட்டோவிட்சே பக்கத்தில் 300 சதுர மீட்டர் பழைய வீடு வாங்கியிருக்கிறோம். எரிவாயு இணைப்பு கிடையாது. சுவருக்கு வெளியே 15 செ.மீ. தெர்மோகோல் ஒட்டி, ஜன்னல்களையும் மாற்றிவிட்டோம். நிலக்கரியைத் தானே தள்ளிக்கொள்ளும் பாய்லர் வாங்கப் போனால், 38 கிலோவாட் வேண்டும் என்கிறார் கடைக்காரர். சரிதானா?

பதில்: சரியில்லை. வெப்பக் காப்பு ஒட்டாத வீட்டுக்கு சதுர மீட்டருக்கு 120 முதல் 150 வாட் என்று போடும் பழைய கணக்கு அது. உங்கள் வீட்டுக்கு, வெளியே மைனஸ் 20 டிகிரி இருக்கும்போதுகூட, 60–70 வாட் போதும். அப்படியானால் 18 முதல் 21 கிலோவாட். குளியல் வெந்நீர்த் தொட்டி சூடாகச் சிறிது நேரமே பிடிக்கும். அதற்காகத் தனியாகக் கூட்ட வேண்டாம். 20–22 கிலோவாட் பாய்லரே வாங்குங்கள். கூரைக்கும் தரைக்கும் காப்பு இல்லையென்றால் மட்டும், வெப்ப இழப்பை அறை அறையாகக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள்.

'பெரிதாக இருந்தால் நல்லதுதானே' என்று நினைத்துவிடாதீர்கள். மைனஸ் 20 வருவது குளிர்காலத்தில் சில நாள்தான். மற்ற நாளெல்லாம் 38 கிலோவாட் பாய்லர் அணையாமல் புகைந்துகொண்டே கிடக்கும். கரி முழுதாக எரியாது, உள்சுவரில் தார் படியும், புகைபோக்கி நனையும். ரேடியேட்டரிலிருந்து திரும்பும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே வந்தால் புகையிலுள்ள ஈரம் இரும்பின்மேல் வேர்த்து, கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகித் தகட்டை அரிக்கும். திரும்பும் தண்ணீரோடு சூடான தண்ணீரைக் கலக்கும் நாலுவழி வால்வும், மிஞ்சும் சூட்டைத் தண்ணீரில் தேக்கும் 500 லிட்டர் தொட்டியும் வைத்தால் இரண்டு தொல்லையும் தீரும். அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வாங்கும்போது, பாய்லரின் புகை அளவைக் காட்டும் ஐந்தாம் வகுப்புச் சான்றும், ஐரோப்பிய எகோடிசைன் சான்றும் கேளுங்கள். புகையில் தூசு ஒரு கன மீட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. விறகு போட்டு எரிக்கும் கூடுதல் தட்டு உள்ளதை வாங்காதீர்கள். சில ஊர்களில் நிலக்கரியே கூடாது: கிராக்கூவ் நகருக்குள் 2019 செப்டம்பர் 1 முதல் நிலக்கரி எரிக்கவே தடை. நாட்டின் 'சுத்தமான காற்று' திட்டமும் 2022 முதல் நிலக்கரிப் பாய்லருக்கு மானியம் தருவதில்லை.

கரி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'எகோகுரோஷெக்' எனப்படும் 5–25 மி.மீ. துண்டுக் கரியில், மூட்டைமேல் ஒட்டும் தன்மை எண் 10-க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேலே போனால் பர்னர் வாயில் கரி பிசினாக ஒட்டி, கோக் கட்டியாக (கரி வெந்து இறுகிய கட்டி) எழும்பும். கிலோவுக்கு 26 மெகாஜூல் கரியில் வீட்டுக்கு வந்து சேருவது சுமார் 6 கிலோவாட்-மணி. கடுங்குளிரில் நாளுக்கு 80 கிலோ, வருஷத்துக்கு 5 முதல் 6 டன் பிடிக்கும். அதற்கு ஈரம் படாத இடம் ஒதுக்குங்கள்.

கேள்வி: பாய்லருக்குள் கரியைத் தள்ளும் திருகுத்தண்டின் ஷியர் பின் அடிக்கடி உடைகிறது. கெட்டியான போல்ட் போடலாமா?

பதில்: போடவே கூடாது. உடைவதுதான் அந்தப் பின்னின் வேலை. அது உடையாவிட்டால் கியர்பாக்ஸ் உடையும். முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். கரித் தொட்டியைக் காலி செய்து, தண்டைக் கையால் பின்னோக்கிச் சுழற்றி, சிக்கிய கல், ஆணி, மரத்துண்டு எதுவென்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் ஈரத்தில் இறுகிய தூளோ பர்னர் வாயின் கோக் கட்டியோதான் காரணம். பிறகு கையேட்டில் சொன்ன அதே அளவு, அதே வலிமைப் பின்னையே போடுங்கள். கோடையில் தொட்டியிலும் தண்டிலும் கரியை விட்டுவைக்காதீர்கள். ஈரக் கரியின் கந்தகம் தண்டை அரித்துவிடும்.

தொட்டி மூடியின் ரப்பரையும் பாருங்கள். அது காற்று விட்டால் புகை பின்னோக்கி ஏறும், நெருப்பும் தொட்டிக்கு வரலாம்.

கேள்வி: சாம்பலில் எரியாத கறுப்புக் கரி வருகிறது, சில நாள் கட்டியும் வருகிறது.

பதில்: கறுப்புக் கரி வந்தால் தள்ளும் வேகம் அதிகம். தள்ளும் நேரத்தை இரண்டு விநாடி குறையுங்கள். கண்ணாடிபோல் உருகிய கட்டி வந்தால் பெரும்பாலும் காற்று அதிகம், ஊதியின் வேகத்தைக் குறையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு மாற்றத்தின் பலன் தெரிய சில மணி நேரம் ஆகும். புகைபோக்கியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வது போலந்துச் சட்டப்படி கட்டாயம். பாய்லர் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் இன்றே வாங்கி மாட்டுங்கள்.