வயிற்றிலேயே பிள்ளையின் கிட்னி வீங்கியிருக்கிறது என்கிறார்கள். பிறந்த பிறகு என்ன ஆகும்?

32 கிழமை ஸ்கேனில் இடப்பக்கக் கிட்னி வீங்கியிருப்பதாகச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மூத்த மகனுக்கும் இதே இடப்பக்கம், இதே 32 கிழமை. கிட்னிக்குள் மூத்திரம் சேரும் பையின் அகலம் 13 மில்லிமீற்றர், வீக்கத்தை அப்படித்தான் அளக்கிறார்கள். நான் வைத்தியர் இல்லை, களுவாஞ்சிகுடிப் பக்கம் படிப்பிக்கிறேன். எங்கள் பிள்ளைக்கு நடந்ததையும் கிளினிக்கில் கேட்டுக் கேட்டு அறிந்ததையும்தான் சொல்கிறேன்.

இந்நேரம் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பார்கள். "தண்ணி குடிக்காம பஸ்ஸில ஓடித் திரிஞ்சாய், அதான் புள்ளைக்கு இப்பிடி" எண்டா என் மாமி. நான் எத்தனை இரவு அழுதேன். தங்கச்சி, தாய் தண்ணீர் குடிக்காததால் இது வருவதில்லை. நூறு கர்ப்பத்தில் ஒன்று முதல் ஐந்து வரை இப்படிக் காண்பதுண்டு. பெரும்பாலும் லேசான வீக்கம்தான், தானாக வற்றிவிடும். கல்லடியில் என் சிநேகிதியின் மகளுக்கு 8 மில்லிமீற்றர் இருந்தது, ஒரு வயதுக்குள் இருந்த இடம் தெரியவில்லை. "அப்ப ஏன் பயங்காட்டுறீங்க" என்று கீழே எழுத வருபவர்கள் மிச்சத்தையும் வாசியுங்கள்.

மகன் பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, ஸ்கேன் எடுத்து "6தான், பயமில்லை" என்றார்கள். வீட்டுக்கு விடும்போது தந்த துண்டில் அடுத்த ஸ்கேனுக்குத் திகதி இல்லை. நாங்களும் கேட்கவில்லை. பிறந்த முதல் இரண்டு நாள் பிள்ளை மூத்திரம் குறைவாகத்தான் போகும், அதனால் வீக்கமும் குறைந்து தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 48 மணித்தியாலம் கழித்து எடுத்து, 4 முதல் 6 கிழமையில் திரும்பவும் எடுக்க வேண்டும். ஆண் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வீங்கியிருந்தாலோ, பன்னீர்க்குடத்தில் நீர் குறைந்திருந்தாலோ அப்படிக் காத்திருக்கக் கூடாது. மூத்திரம் வெளியே போகும் குழாயில் அடைப்பு இருக்கலாம், உடனே பார்க்க வேண்டும்.

மகனுக்கு ஐந்தாம் மாதம் காய்ச்சல். சளியில்லை, இருமலில்லை. டெங்குக் காலம் என்பதால் நான்கு நாளும் இரத்தம் மட்டும் குத்திப் பார்த்தார்கள். கர்ப்பத்தில் கண்ட வீக்கத்தைச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை, அது இன்னும் நெஞ்சில் குத்துகிறது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ்தான், "புள்ளைக்கு மூத்திரம் பாத்தீங்களா?" எண்டு கேட்டா. மூத்திரத்தில் கிருமி. வீக்கம் 24. மறுகா கண்டிக்குப் போய், ஒவ்வொரு கிட்னியும் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கும் ரெனோகிராம் எடுத்தோம், மொத்த வேலையில் இடக் கிட்னியின் பங்கு 36 வீதம். கிட்னியும் அதிலிருந்து மூத்திரப்பைக்குப் போகும் குழாயும் சேரும் இடம் ஒடுங்கியிருந்தது. எட்டாம் மாதம் அந்த ஒடுங்கிய பகுதியை வெட்டி எடுத்துப் பொருத்தித் தைத்தார்கள். உள்ளே வைத்த சின்னக் குழாயை ஆறு கிழமையில் எடுத்தார்கள்.

இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை: ஒப்பரேசனுக்குக் கையெழுத்துக் கேட்ட படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. எது ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாயிற்று, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அந்தத் தாளில் ஒரு சொல் விளங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கரைப்பற்று ராத்தா வரிவரியாக வாசித்துச் சொன்னா. அதற்குப் பிறகுதான் கைநடுக்கத்தோடு ஒப்பம் வைத்தேன்.

மகனுக்கு இப்போது ஆறு வயது, முதலாம் வகுப்பு. போன ஸ்கேனில் 9. ஒப்பரேசன் சரிவந்தாலும் கொஞ்சம் வீக்கம் தெரியத்தான் செய்யும் என்றார் டொக்டர், கிட்னியின் வேலை குறையவில்லை.

உங்கள் பிள்ளை கொழுகொழுவென்று சிரித்தாலும் அடுத்த ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்தால் முதல் நாளே பழைய ரிப்போட்டைக் காட்டி மூத்திரம் பார்க்கச் சொல்லுங்கள். பேறு முடிந்து துண்டு வெட்டும்போது, அடுத்த ஸ்கேன் திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்வரை வார்ட்டை விட்டு வெளிக்கிட வேண்டாம்.