கை மரத்துப்போகிறதா? ஹேண்டில்பாரை உயர்த்துவதற்கு முன்

கேள்வி: என் வண்டி ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக். வயது 46, உயரம் 165 செ.மீ. மாதம் இரண்டு முறை திருச்சியிலிருந்து சென்னைக்கு ஓட்டிப்போகிறேன். பெரம்பலூர் தாண்டியதும் உள்ளங்கை மரத்துப்போக ஆரம்பிக்கிறது. விழுப்புரம் வருவதற்குள் தோள்பட்டை இறுகிவிடுகிறது. ஹேண்டில்பாருக்கு அடியில் 2 இன்ச் ரைசர் வைத்து உயர்த்தினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். போடலாமா? கேபிள், பிரேக் ஹோஸ் எல்லாம் மாற்ற வேண்டியிருக்குமா?

பதில்: ரைசர் போடலாம். ஆனால் 2 இன்ச் வேண்டாம். அதற்கு முன், உங்களுக்குக் குறைவது உயரமா அல்லது கைப்பிடி எட்டாத தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் "உயர்த்தணும்" என்று கேட்பார்கள். உட்காரவைத்து அளந்தால், கைப்பிடி இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தாலே போதும் என்று தெரியும்.

வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். கால்கள் ஃபுட்ரெஸ்டில் இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு தோளைத் தளர்த்தி, முழங்கை லேசாக மடங்கியிருக்கும்படி கைகளை முன்னால் நீட்டி, கிரிப்பைத் தேடாமல் வண்டி ஓட்டுவதுபோலக் காற்றிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். கூட இருப்பவர் உங்கள் கைக்கும் கிரிப்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை டேப்பால் அளக்கட்டும்: மேல்கீழாக எவ்வளவு, முன்பின்னாக எவ்வளவு. மூன்று தடவை செய்து பார்த்தால் ஓரளவு ஒரே கணக்கு வரும். ரைசர் வாங்க அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போங்கள். நண்பரின் கை நீளம் வேறு, உங்களுடையது வேறு.

மரத்துப்போவது எந்த விரல் என்பதையும் கவனியுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால், உள்ளங்கையின் வெளிவிளிம்பில் உடம்பின் பாரம் இறங்கி அங்கே ஓடும் நரம்பை அழுத்துகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டு வளைந்த நிலையிலேயே நெடுநேரம் இருக்கிறது. முதல் வகைக்கு ரைசர் உதவும். இரண்டாவதற்குப் பல நேரம் லிவரின் கோணத்தைத் திருத்தினாலே போதும். வண்டியை விட்டு இறங்கிப் பல மணி நேரம் கழித்தும் மரமரப்பு போகவில்லை, இரவில் எழுப்பிவிடுகிறது என்றால் ரைசரை மறந்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

லிவர் கோணத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது செலவே இல்லாத வேலை. வண்டியில் உட்கார்ந்து விரல்களை லிவர்மேல் வைத்தால் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். லிவர் மேலே தூக்கியிருந்தால் ஒவ்வொரு கிளட்சுக்கும் மணிக்கட்டு பின்னால் மடங்கும். ஊருக்குள் ஒரு நாளில் எத்தனை தடவை கிளட்ச் பிடிக்கிறோம்! ஆலன் கீயால் லிவர் கிளாம்பைத் தளர்த்தி, கொஞ்சம் கீழே சுற்றி, மறுபடி முடுக்குங்கள். ஹேண்டில்பாரையே கிளாம்புக்குள் சில பாகை பின்னால் சுற்றினால் கைப்பிடி கிட்டே வரும். சுவிட்ச் பெட்டியின் உள்ளே இருக்கும் சிறு முளை, பாரில் உள்ள துளையில் உட்கார்ந்திருப்பதால் சுவிட்சுகள் பாரோடு சேர்ந்தே சுழலும். லிவர்களை மட்டும் தனியாகத் திருத்த வேண்டும். முன் பிரேக்கின் ஆயில் டப்பா ரொம்பச் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாற்றங்களோடு இரண்டு வாரம் ஓட்டுங்கள். முழங்காலால் டேங்கை அணைத்துப் பிடித்து, கையின் பாரத்தை இடுப்புக்கு மாற்றவும் பழகுங்கள். அப்படியும் குறை இருந்தால் ரைசருக்குப் போகலாம்.

எவ்வளவு உயரம்? உங்களுக்கு 20 முதல் 30 மி.மீ. போதும் என்பது என் கருத்து. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நேராக நிற்பதில்லை, சுமார் 24 பாகை பின்னால் சாய்ந்திருக்கிறது. ரைசர் அந்தச் சாய்வின் வழியே ஏறுவதால் 25 மி.மீ. ரைசர் கைப்பிடியை ஏறத்தாழ 23 மி.மீ. மேலே தூக்கி, 10 மி.மீ. உங்கள் பக்கமும் கொண்டுவரும். உங்கள் உயரத்துக்கு இந்த 10 மி.மீ. பெரிய உதவி. தூரம்தான் முக்கியக் குறை என்று அளவில் தெரிந்தால், பின்னால் தள்ளிப் பிடிக்கும் ஆஃப்செட் ரைசர் வாங்குங்கள்.

2 இன்ச் என்பது ஏறத்தாழ 51 மி.மீ. அவ்வளவு ஏற்றினால் நாற்காலியில் உட்காருவதுபோல நிமிர்ந்துவிடுவீர்கள். கடைத்தெருவுக்குப் போய்வர அது சுகம். நெடுஞ்சாலையில் 90, 100 கி.மீ. வேகத்தில் காற்று மார்பில் அறைந்து பின்னால் தள்ளும். அதைத் தாங்கக் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பீர்கள், அதே மரமரப்பு வேறு வழியாகத் திரும்பி வரும். கையிலிருந்து எடுத்த பாரம் வால் எலும்புக்குப் போய்ச் சேர்வதால், பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் நேராக முதுகில் ஏறும். முன்சக்கரத்தின் மேலுள்ள எடையும் குறையும். இடுப்பிலிருந்து லேசாக முன்னால் சாய்ந்த நிலைதான் தொலைதூரத்துக்கு நல்லது.

இனி கேபிள். பல வண்டிகளில் 25 மி.மீ. வரை பழைய கேபிள்களே எட்டிவிடும், டேங்குக்கு அடியில் அவை போகும் வழியை மட்டும் கொஞ்சம் தளர்த்தினால் போதும். ஆனாலும் "எட்டிவிடும்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னுடைய வண்டியில் உயரமான ரைசர் மாட்டி, நேராக வைத்துப் பார்த்து எல்லாம் சரி என்று கிளம்பினேன். முதல் யூ டர்னில் ஹேண்டிலை ஒடித்தபோது ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபட்டு, நான் முறுக்காமலே இன்ஜின் உறுமி வண்டி முன்னால் பாய்ந்தது. எதிரே ஆள் இல்லாததால் தப்பித்தேன். அன்றிலிருந்து இந்தச் சோதனை செய்யாமல் எந்த வண்டியையும் பட்டறையை விட்டு அனுப்புவதில்லை: இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஹேண்டிலை இடக்கோடி வரை, பிறகு வலக்கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். ரெவ் ஒரு துளியும் ஏறக் கூடாது. இரு கோடியிலும் கிளட்ச் லிவரின் நுனியில் அதே தளர்வு இருக்க வேண்டும். பிரேக் ஹோஸ் எங்கும் விறைத்து நிற்கக் கூடாது, முன்சக்கரம் தரையில் படாமல் ஃபோர்க் முழுசாக நீண்டிருக்கும்போதும் பாருங்கள். சுவிட்சிலிருந்து வரும் ஒயர் கட்டு இழுபடக் கூடாது. விரல்கள் டேங்கில் இடிக்கவும் கூடாது.

ஹோஸ் கொஞ்சம் விறைத்தாலும் ரைசரின் உயரத்தைக் குறையுங்கள். உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது. நீளமான ஹோஸ் மாட்டினால் புது செம்பு வாஷர் போட்டு, பிரேக் ஆயில் ஊற்றி, காற்றை முழுவதும் எடுக்க வேண்டும். அது பழகிய மெக்கானிக்கின் வேலை. 20 மி.மீ. சுகத்துக்காக பிரேக்கில் கைவைப்பதை நான் விரும்புவதில்லை.

ரைசர் வாங்கும்போது உங்கள் பாரின் தடிமனுக்கு ஏற்றதா என்று பாருங்கள். 22 மி.மீ. பாருக்கும் 28 மி.மீ. பாருக்கும் ரைசர் வேறுவேறு. லேத் பட்டறையில் கடைந்த இரண்டு உருளையை வைத்து, ஹார்டுவேர் கடையின் நீளமான போல்டால் முடுக்குவது நம் ஊரில் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். போல்டின் தலையில் அதன் வலுவைக் காட்டும் எண் குறைந்தது 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். 8 மி.மீ. போல்ட் என்றால் அலுமினியத்துக்குள் 12 மி.மீ. மரையாவது ஏறியிருக்க வேண்டும். ரைசர்மேல் ரைசர் அடுக்குவதும் கூடாது. மாட்டியதும், எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரென்சால், சர்வீஸ் கையேடு சொல்லும் அளவுக்கே முடுக்குங்கள்.

சட்டத்தையும் கேட்பார்கள். பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. வாரன்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் வண்டி நிறுவனத்தின் சொந்த உதிரிப்பாகப் பட்டியலில் தேடுங்கள். இன்சூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் தெரிவித்து, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டியதும் நேராகச் சென்னைக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதல் நாள் பெரம்பலூர் வரை போய்த் திரும்புங்கள். வீடு வந்ததும் எல்லா போல்டையும் ஒருமுறை ரென்ச் வைத்துப் பார்த்துவிட்டு, எந்த விரல் மரத்தது, எத்தனையாவது கிலோமீட்டரில் என்று எழுதி வையுங்கள். அந்தக் குறிப்போடு எனக்கு மறுபடி எழுதினால், இன்னும் 5 மி.மீ. ஏற்றுவதா இறக்குவதா என்று சேர்ந்து பார்க்கலாம்.