முதலில் டார்ச்சை அணையுங்கள் தம்பி

ஆணுறுப்பு முனையின் விளிம்பைச் சுற்றி முத்து முத்தாக, ஒரே அளவில், வரிசையாகப் பருக்கள், வலியும் இல்லை அரிப்பும் இல்லை, ஆனால் போன வருடம் ஒருவருடன் இருந்ததை நினைத்து மருவாக இருக்குமோ என்று தூக்கமே போய்விட்டது என்கிறீர்கள். நீங்கள் சொல்கிற மாதிரி பருக்கள் பல ஆண்களுக்கு இயல்பாகவே இருக்கும், தொற்றாது, மருந்தும் வேண்டாம். பால்வினை மரு பெரும்பாலும் ஒழுங்கில்லாமல், சொரசொரப்பாக வளரும். மொலஸ்கம் என்கிற வைரஸ் தோல் தொற்று என்றால் பருவின் நடுவில் சின்னக் குழி விழுந்திருக்கும். ஆனாலும் எழுத்தை வைத்து நானோ, கூகுள் படத்தை வைத்து நீங்களோ முடிவு கட்ட முடியாது.

சென்னை சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனையில் பால்வினை நோய்க்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. அவர்கள் தினமும் பார்ப்பதே இதைத்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை. மருவை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது, டாக்டர் கண்ணால் பார்த்துத்தான் சொல்வார். எச்ஐவி, சிபிலிஸ் இரண்டுக்கும் மட்டும் ரத்தம் கொடுத்துவிடுங்கள். எச்ஐவி பரிசோதனை அரசின் நம்பிக்கை மையத்தில் இலவசம்.

அதுவரை பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு செல்போன் டார்ச்சில் பார்ப்பதை நிறுத்துங்கள், தயவுசெய்து. கிள்ளிக் கிள்ளிப் பார்த்தால் தோல் சிவந்து, அந்தச் சிவப்பே அடுத்த பயமாகிவிடும். மெடிக்கலில் கேட்டு வாங்கின க்ரீமும் வேண்டாம், பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

சரி, டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் மனசு ஆறவில்லையா? அப்புறம் அது தோல் பிரச்சினை இல்லை, பதற்றம். அதற்கும் உதவி இருக்கிறது: டெலிமானஸ் என்கிற அரசு மனநலத் தொலைபேசி உதவி, எண் 14416, தமிழிலேயே பேசலாம்.