'பிக்வீத்' (bequeath) என்ற ஆங்கில வினையின் பொருள் என்ன? 'கிவ்' என்பதற்குப் பதிலாக அதை எழுதலாமா?

எழுதக் கூடாது. நான் அப்படி எழுதியதால் ஒரு குடும்பத்தில் அண்ணனும் தங்கையும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். நீங்கள் ஏதோ ஒரு கடிதத்தை மிடுக்கான ஆங்கிலத்தில் எழுத முயல்கிறீர்கள், அதற்கு 'கிவ்' மிகவும் சாதாரணமாகத் தோன்றுகிறது என்று ஊகிக்கிறேன். அந்த ஆசை எனக்கும் இருந்தது.

பல ஆண்டுகளுக்கு முன், கொழும்பு புதுக்கடையில், நீதிமன்றங்களுக்கு அருகே ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் உதவியாளனாக இருந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓர் அம்மா, தம் வீட்டை மகளுக்கு நன்கொடை உறுதி (பத்திரம்) முடித்துக் கொடுத்துவிட்ட செய்தியை லண்டனிலுள்ள மகனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், மருமகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததால் கடிதம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றும் கேட்டார். ஐயா வெளியே போயிருந்தார். என்னிடமிருந்த சிறிய அகராதி 'பிக்வீத்' என்பதற்கு 'கொடு, வழங்கு' என்று மட்டுமே சொன்னது. சொல் கம்பீரமாக இருந்ததால் அதையே போட்டுவிட்டேன்.

அங்கே மருமகள் அதைச் சரியாகவே வாசித்தார். மாமியார் மரணசாசனம், அதாவது உயில், எழுதியிருக்கிறார், ஆகவே அவர் உயிரோடிருக்கும் வரை அதை மாற்றலாம் என்று கணவனுக்கு விளக்கினார். மாற்றச் சொல்லி மகனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மகளோ, நன்கொடையை ஏற்றுக்கொண்டதாக உறுதியில் ஏற்கெனவே கையெழுத்து வைத்தவர். தன் வீட்டை அண்ணன் பறிக்கப் பார்க்கிறான் என்று கொதித்தார். அம்மா கடிதத்துடன் திரும்பி வந்து என் முன் நின்றார்: "தம்பி, நான் எழுதிக் குடுத்திட்டன் எண்டெல்லோ சொன்னனான்? எழுதி வைச்சிட்டன் எண்டு சொன்னனானோ?"

அகராதி சொல்லாததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எழுதிக் கொடுத்தால் பொருள் இன்றே கைமாறுகிறது. எழுதி வைத்தால் எழுதியவர் கண்மூடிய பிறகே மாறுகிறது. 'பிக்வீத்' என்பது இந்த இரண்டாவது. பேச்சில் பலர் இரண்டையும் கலந்து சொல்வதுண்டு என்று யாராவது மறுக்கக்கூடும். உண்மைதான், ஆனால் ஆங்கிலச் சொல்லில் அந்த நெகிழ்வு இல்லை. இத்தகைய கேள்விகளுக்கெல்லாம் தொல்காப்பியத்தின் 'ஈ, தா, கொடு' என்பதை இழுத்து வருவோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அங்கே வேறுபடுவது தரும்படி கேட்பவர் தாழ்ந்தவரா, ஒத்தவரா, உயர்ந்தவரா என்ற நிலை, இங்கே வேறுபடுவது பொருள் கைக்கு வந்துசேரும் காலம்.

நான் சட்டத்தரணி அல்லன். ஆயினும் குழப்பம் ஏன் எளிதில் நேர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். இலங்கையின் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை நன்கொடையாகக் கொடுக்கும் உறுதியும் நொத்தாரிசின் (பத்திரங்களை அத்தாட்சிப்படுத்துபவரின்) முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் கையெழுத்தாகிறது, மரணசாசனமும் அவ்வாறே கையெழுத்தாகலாம். நொத்தாரிசு இல்லாவிட்டால் மரணசாசனத்துக்கு ஐந்து சாட்சிகள் வேண்டும். ஒரே மேசை, ஒரே முத்திரை என்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

பழைய சட்ட ஆங்கிலத்தில் நிலத்துக்கு 'டிவைஸ்' (devise), அசையும் பொருளுக்கு 'பிக்வீத்' என்று பிரித்து எழுதினார்கள். இன்றைய பொது வழக்கில் வீட்டுக்கும் அச்சொல் வருகிறது. பெயர்ச்சொல் 'பிக்வெஸ்ட்'. பொருளைச் செயப்படுபொருளாக வைத்து, பெறுபவருக்கு முன் 'டு' சேர்ப்பதே வழக்கமான அமைப்பு. பழைய ஆங்கிலத்தில் இதன் வேர் 'சொல்லுதல்' என்ற பொருளுடையது. உருவகமாகவும் எழுதலாம்: ஒல்லாந்தர் இலங்கைக்கு உரோமன் டச்சுச் சட்டத்தை 'பிக்வீத்' செய்தார்கள் என்பது சரியான வாக்கியம், ஏனெனில் அவர்களின் ஆட்சி 1796இல் முடிந்துவிட்டது. ஆனால் பிறந்தநாளுக்கு நண்பருக்குப் பேனா கொடுத்ததை அப்படி எழுதினால் சிரிப்பார்கள்.

ஐயா அந்தக் கடிதத்தை மறுபடி எழுதினார். நான் நீட்டி முழக்கிய இடத்தில் 'கேவ்' என்ற ஒரு சொல்லை மட்டும் தட்டச்சு செய்து, பக்கத்துக்கென்று வாங்கிய பணத்தையும் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். அது என் சம்பளத்தில் கழிந்தது.